மலையைப் படிப்பதும் மலைக்குப் போய்வருவதும்

புனேயில் பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆண்டில் ஒரு முறையேனும் அந்த ஒப்புதல் படிவம் வந்துவிடும். இரண்டு நாள் சாகச முகாம். ஜிப்லைன், ராப்பெல்லிங், பர்மா பாலம், கூடாரத்தில் ஓர் இரவு, தீ மூட்டி ஆட்டம்பாட்டம். பேருந்தும் சாப்பாடும் சேர்த்து இவ்வளவு ரூபாய். பிள்ளை என்ன உடுப்பு எடுத்துவர வேண்டும், எத்தனை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். விபத்து நேர்ந்தால் பள்ளி பொறுப்பேற்காது என்பதும் இருக்கும். அங்கே போய்ப் பிள்ளை எதைப் படிக்கப்போகிறது என்பது மட்டும் இருக்காது.

இந்த விடுபடல் தற்செயலாக நேர்ந்ததல்ல. உயர்நிலைப் பள்ளிகளில் வெளிக்களக் கல்வி என்ற பெயரில் இன்று நடப்பவற்றில் பெரும்பகுதி, பள்ளி வழியாக விற்கப்படும் சுற்றுலாதான். அதே ஊரில், அதே மலைகளில், உண்மையான கல்வியாகவும் அது நடந்துவருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், பிள்ளைகளை வெளியே அழைத்துப்போனாலே நல்லது என்று புகழ்வதிலும் பொருளில்லை; ஒரு விபத்து நடந்ததும் இதெல்லாம் எதற்கு என்று மொத்தமாக ஒதுக்குவதிலும் பொருளில்லை.

புனேக்கு வாய்த்த பேற்றிலிருந்து தொடங்கலாம். நகரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் சின்ஹகட். ஞாயிறு விடியுமுன்பே ஆத்கர்வாடியிலிருந்து நடந்து ஏறி, மேலே பிட்லாவும் பாக்ரியும் மண்சட்டித் தயிரும் சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடும் குடும்பங்கள் இங்கே ஏராளம். சற்றுத் தள்ளி ராஜ்கட், தோரணா, புரந்தர். வடக்கே ஜுன்னரில் சிவாஜி பிறந்த சிவ்னேரி. லோணாவளாப் பக்கம் லோஹகட், விசாபூர், ராஜ்மாச்சி. தீபாவளி வந்தால் குடியிருப்பு வாசல்களில் சிறுவர்கள் மண்ணும் கல்லும் குழைத்துக் கோட்டை கட்டுவார்கள். உச்சியில் சிவாஜி பொம்மையை வைத்து, சரிவில் மாவளா வீரர்களை நிறுத்தி, கடுகு தூவிப் பச்சை முளைக்க விடுவார்கள். இந்த ஊர்ப் பிள்ளைக்குப் புரிசையும் கொத்தளமும் வாசலும் பாடப்புத்தகத்துக்கு முன்பே கைப்பழக்கமாகத் தெரியும்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் பெரியவர்களின் உழைப்பு இருக்கிறது. கோ. நீ. தாண்டேகர் தன் எழுத்தால் சில தலைமுறைகளைக் கோட்டைகளை நோக்கி நடக்கவைத்தார். 1982இல் தொடங்கிய கிரிபிரேமி மலையேற்றக் கழகம், உமேஷ் ஜிர்பே தலைமையில் 2012இல் எட்டுப் பேரை எவரெஸ்ட் உச்சியில் ஏற்றியது. ராணுவமோ காவல்துறையோ அனுப்பிய குழு அல்ல அது. சாதாரணக் குடிமக்களின் குழு. அதன் வழியில் 2015இல் ஒரு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் புனேயில் உருவானது. பள்ளிகளிலும் முன்னோடிகள் உண்டு. அப்பா பெண்ட்சே 1962இல் நிறுவிய ஞானப் பிரபோதினி, 1969இல் தன் பள்ளியைத் தொடங்கியது முதலே வகுப்பறைக்கு வெளியிலான படிப்புக்குப் பெயர்பெற்றது. ராஜகுருநகருக்கு அருகே சாஸ்கமான் நீர்த்தேக்கத்தைப் பார்த்த குன்றின்மேல் ஜே. கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் சஹ்யாத்ரி பள்ளி 1995 முதல் இயங்குகிறது. முல்சி வட்டத்தில் பௌடுக்கு அருகே 1997இல் வந்தது மஹிந்திரா யுனைடெட் வேர்ல்டு கல்லூரி. பெயரில் கல்லூரி என்றாலும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான பள்ளிப்படிப்புதான் அங்கே. ஆக, புனேக்கு இந்தக் கல்வி வெளியிலிருந்து வந்த புதுமை அல்ல. அதனால்தான் அது சரக்காக மாறியிருப்பது கூடுதலாக வருத்துகிறது.

மலை எதைக் கற்றுத்தர முடியும் என்பதை ராஜ்கட்டில் ஒரு நாள் நின்று பார்த்தால் போதும். சிவாஜி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தலைநகராகக் கொண்டிருந்த கோட்டை. குஞ்ஜவணே ஊரிலிருந்து சோர் தர்வாஜா வழியாக ஏறினால் கடைசிப் பகுதி செங்குத்து. கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மேலே நடுவில் பாலேகில்லா என்ற உள்கோட்டை. அங்கிருந்து மூன்று திசைகளில் மலையின் தோள்கள்போல நீளும் மூன்று மாச்சிகள்: பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி. சஞ்சீவனி மாச்சியில் மதில் இரட்டையாக எழுப்பப்பட்டிருக்கிறது. ஏன் இங்கே மட்டும் இரட்டை என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு அரைமணி நேரம் அந்த மதிலோடு விட்டுவிட வேண்டும். எதிரி எந்தப் பக்கம் ஏறியிருப்பான், பீரங்கி எங்கிருந்து எட்டும், வெளிமதில் விழுந்தால் என்னவாகும் என்று பிள்ளைகள் தாங்களே வாதாடத் தொடங்குவார்கள். பாடப்புத்தகத்தில் சிவாஜியின் வரலாறு வீரத்தின் கதையாக வருகிறது. இங்கே அது நிலத்தை அறிந்த ஒருவரின் திட்டமிடலாகத் தெரியும்.

தண்ணீரைப் பற்றியும் கேட்கலாம். மழைக்காலம் முழுதும் கொட்டித் தீர்க்கும் இந்த மலைகளில் கோடை வருமுன்பே ஓடைகள் வற்றிவிடும். அப்படியானால் மேலே இருந்த படை ஏப்ரலிலும் மே மாதத்திலும் எதைக் குடித்தது? பாறையில் வெட்டிய தொட்டிகளில் விடை இருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக ஓடி இறுகிய எரிமலைக் குழம்புதான் தக்காணத்தின் பாறை. கெட்டியான அடுக்குக்கும் நொய்ந்த அடுக்குக்கும் நடுவே நீர் கசியும். அந்த இடம் பார்த்து வெட்டியவர்கள் நிலவியல் படித்ததில்லை, ஆனால் தெரிந்திருந்தது. தொட்டியின் நீளம், அகலம், ஆழத்தைப் பிள்ளைகளே அளந்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் என்று கணக்கிட்டு, இந்தக் கோட்டை எத்தனை பேரை எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று சொல்லட்டும். கணக்கும் வரலாறும் புவியியலும் அங்கே ஒரே பாடமாகிவிடும்.

சரிவெங்கும் கார்வி நிற்கிறது. நம் குறிஞ்சியின் இனம்; ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். அதன் தண்டுகளை வரிசையாகக் கட்டி மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்புவது இந்த மலையூர்களின் வழக்கம். எட்டாம் வகுப்பில் கார்வியைப் பார்த்த பிள்ளை அது பூப்பதற்குள் பள்ளியையே முடித்துப் போய்விடலாம். ஆகவே ஒரு பள்ளி ஒரே மலைக்கு ஆண்டுதோறும் போக வேண்டும். ஒரு வகுப்பின் குறிப்பேட்டை அடுத்த வகுப்பு வாங்கித் தொடர வேண்டும். இன்றைய முகாம்கள் இதற்கு நேரெதிராக நடக்கின்றன. போன ஆண்டு போன இடத்துக்கே மறுபடியுமா என்று பெற்றோர் கேட்பார்கள் என்பதால் ஆண்டுக்கு ஓர் இடம் மாற்றுகிறார்கள். பார்வையாளருக்குப் புதிய இடம் வேண்டும். படிப்பவருக்குப் பழகிய இடம் வேண்டும்.

இன்னும் கடுமையான பாடங்களும் இதே மலைகளில் இருக்கின்றன. 2014 ஜூலை 30 அன்று புனே மாவட்டத்தின் ஆம்பேகாவ் வட்டத்தில் மாளீண் என்ற ஊர் பெருமழையில் சரிந்த மலைக்கடியில் புதைந்தது. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்தச் சரிவில் கூடாரம் போடலாம், எதில் கூடாது, விரிசல் விட்ட மண்ணும் திடீரெனக் கலங்கும் ஊற்றும் எதைச் சொல்கின்றன என்று தெரிவது மலையேறுபவனுக்கு மட்டும் வேண்டிய அறிவு அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கத்திலும் வாழப்போகிற எல்லாருக்கும் அது வேண்டும். 2024இல் வயநாட்டு நிலச்சரிவைப் பார்த்த பிறகு இதை விளக்கத் தேவையில்லை.

சாகசக் கல்வி நற்குணத்தை வளர்க்கும் என்ற பழைய வாதமும் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வெளியேறிய கல்வியாளர் குர்ட் ஹான் 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியையும், 1941இல் வேல்ஸில் அவுட்வர்டு பவுண்டு பயிற்சியையும் தொடங்கினார். போரில் கப்பல் மூழ்கும்போது இளம் மாலுமிகள் தப்பிப் பிழைக்கும் மனவுறுதியைத் தருவது அந்தப் பயிற்சியின் தொடக்க நோக்கங்களில் ஒன்று. அவருடைய கருத்திலிருந்து 1962இல் வேல்ஸில் அட்லாண்டிக் கல்லூரி பிறந்தது. அந்தக் கல்லூரிக் குடும்பத்தின் கிளைதான் முல்சியில் இருக்கும் மஹிந்திரா கல்லூரி. துன்பத்தைத் தாங்கினால் மனிதர் திருந்துவார் என்ற நம்பிக்கை இதன் அடியில் ஓடுகிறது. ஆய்வுகள் சொல்வது என்ன? ஜான் ஹாட்டியும் உடனாய்வாளர்களும் 1997இல் 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஓரளவு நற்பயன் இருந்தது. நிகழ்ச்சி முடிந்த பிறகும் அது தேயாமல் சற்று வளர்ந்தது என்பது வியப்பான கண்டுபிடிப்பு. ஆனால் கூடுதல் பயன் தெரிந்தது இருபது நாளுக்கு மேற்பட்ட நீண்ட நிகழ்ச்சிகளில். சனி போய் ஞாயிறு திரும்பும் முகாமுக்கு விளம்பரத்தில் தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை, குழு உணர்வு என்று வாக்களிப்பவர்களுக்கு இந்த ஆய்வு கைகொடுக்காது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ புரூக்ஸ் 2003இல் எழுதிய விமர்சனம் இன்னும் ஆழமானது. முகாமில் ஒரு பிள்ளை துணிச்சலாக நடந்துகொண்டால் அது அந்தச் சூழலின் விளைவு. அதைக் குணத்தில் நேர்ந்த மாற்றம் என்று எண்ணுவது தவறு என்பது அவர் வாதம். எனக்கு அவர் வாதம் பெரும்பாலும் சரியென்றே படுகிறது. குணத்தை வளர்ப்பதாகச் சொல்வதை விட்டுவிட்டு, குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பற்றிய அறிவையும் திறனையும் தருவதாகச் சொன்னால் இந்தக் கல்வி இன்னும் உறுதியான தரையில் நிற்கும்.

தொழிற்பாடமாக இதைப் படிப்பது வேறொரு வழி. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 9, 10ஆம் வகுப்புகளுக்குச் 'சுற்றுலா அறிமுகம்' என்றும் 11, 12ஆம் வகுப்புகளுக்குச் 'சுற்றுலா' என்றும் திறன் பாடங்கள் இருக்கின்றன. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை புத்தகப் பை இல்லாத பத்து நாட்களைச் சொல்கிறது. வாய்ப்பு இருக்கிறது என்பதே பெரிது. குறை என்னவென்றால், சாகசச் சுற்றுலா அந்தப் படிப்பில் சுற்றுலாவின் வகைகளில் ஒன்றாகப் பெயர் சொல்லப்பட்டு நின்றுவிடுவது எளிது. வரையறையை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 11, 12ஆம் வகுப்புகளில் வெளிக்கள, சுற்றுச்சூழல் ஆய்வு என்பது பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கணக்கில் வரும் முழுப் பாடம். மாணவர்கள் காட்டுக்கும் கடற்கரைக்கும் நேரில் போயாக வேண்டும். அந்த நிலத்தில் தொல்குடிகள் எப்படி வாழ்ந்தார்கள், குடியேறியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்றும் எழுதியாக வேண்டும். நடையும் எழுத்தும் அங்கே ஒன்றையொன்று விடுவதில்லை.

இனி, பெற்றோர் மனத்தில் முதலில் எழும் கேள்விக்கு வருகிறேன். 2018 ஏப்ரலில் சென்னையிலிருந்து கோடை முகாமுக்காக முல்சி வட்டத்துக்கு வந்த மூன்று சிறுவர்கள் அணைநீரில் மூழ்கி இறந்தார்கள். மூவருக்கும் 13 வயது. 2016 பிப்ரவரி 1 அன்று புனேயின் ஒரு கல்லூரியிலிருந்து முருட் கடற்கரைக்குச் சுற்றுலா போன மாணவர்களில் 14 பேரைக் கடல் கொண்டுபோனது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. எந்தப் பிள்ளையும் கயிற்றிலிருந்து விழவில்லை. செங்குத்துப் பாறையில் தவறவில்லை. தண்ணீரைப் பார்த்த மகிழ்ச்சியில் இறங்கினார்கள். ஹெல்மெட்டும் இடுப்புக் கச்சையும் மாட்டும் நேரத்தில் எல்லார் கண்ணும் விழித்திருக்கிறது. ஆபத்து வருவது நிகழ்ச்சி நிரலில் எழுதப்படாத அந்த ஓய்வு வேளையில். புரூக்ஸ் ஆஸ்திரேலியாவில் 1960 முதல் நடந்த வெளிக்களக் கல்வி மரணங்களைத் தொகுத்தபோதும், நீர்நிலைகளும் செங்குத்துச் சரிவுகளும் அங்கே இளைஞர்களைக் கண்காணிப்பின்றி விட்டதும் திரும்பத் திரும்ப வந்தன.

பாதுகாப்பு என்ற பெயரில் இன்றைய முகாம்கள் கட்டிவைத்திருக்கும் முறையின் உள்குறை இங்கேதான். ஜிப்லைனில் பிள்ளை எதையும் தீர்மானிப்பதில்லை. ஒருவர் கொக்கியை மாட்டுகிறார், ஒருவர் தள்ளிவிடுகிறார், மறுமுனையில் ஒருவர் பிடித்துக்கொள்கிறார். பயம் உண்டு, கூச்சல் உண்டு; ஆனால் வானத்தைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, கூட வருபவரின் களைப்பைப் பார்த்து, போகலாமா திரும்பலாமா என்று எடைபோடும் வேலை இல்லை. அந்த வேலைதான் பாடம். அதைக் கற்காத பிள்ளை, கொக்கி கழற்றப்பட்ட அடுத்த நிமிடமே ஆற்றங்கரையில் எந்த அறிவும் இல்லாமல் நிற்கிறது. சின்ஹகட்டுக்கு ஒன்பதாம் வகுப்பை அழைத்துப்போகும் ஆசிரியர், முந்தைய வாரம் தானே போய் வழியைப் பார்த்துவர வேண்டும். மலையேற்றக்காரர்கள் ரெக்கி என்பது அதைத்தான். பிறகு வரைபடத்தைப் பிள்ளைகளிடமே கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு எங்கே இருந்தால் மேலே போவது, இல்லாவிட்டால் திரும்புவது என்று அவர்களே முந்தைய நாள் எழுதிவைக்கட்டும். அந்த நேரம் தவறினால் உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பட்டும். திரும்பிய குழுவுக்கு முழு மதிப்பெண் தரும் பள்ளியே இந்தக் கல்வியைப் புரிந்துகொண்ட பள்ளி.

முகாம் நிறுவனம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது ஆசிரியர் தலை எண்ணுபவராகிவிடுகிறார். பல ஆசிரியர்கள் இதை விரும்பவில்லை என்பதை நான் அறிவேன். பயிற்சி இல்லை, கூடுதல் ஊதியம் இல்லை, ஏதாவது நேர்ந்தால் வழக்கு தன்மேல் வரும். நிறுவனத்திடம் ஒப்படைப்பது அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. குறை அமைப்பில் இருக்கிறது.

அரசு இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மலைப்பயணத்தில் மகனை இழந்த பெற்றோர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். அதன் பின்னணியில் 2018 ஜூலையில் சாகச நிகழ்வுகளுக்கான பாதுகாப்பு விதிகளை மகாராஷ்டிர அரசு வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் நிலம், நீர், வான் மூன்றுக்குமான சாகசச் சுற்றுலாக் கொள்கை வந்தது. நடத்துபவர்கள் சுற்றுலா இயக்ககத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றது. லாப நோக்கில்லாத மலையேற்றக் கழகங்கள் 2018இலேயே எதிர்ப்புத் தெரிவித்தன. சந்தா கட்டி, ஊதியமின்றி மலையேற்றுபவர்களையும் கடை விரித்தவர்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். இருந்தாலும் பதிவு என்பது தேவை. பிரிட்டனில் 1993 மார்ச்சில் லைம் விரிகுடாவில் துடுப்புப் படகில் போன நான்கு பள்ளிப் பிள்ளைகள் இறந்த பிறகு, 1995இல் இளையோர் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. நியூசிலாந்தில் 2008 ஏப்ரலில் மங்கடெபோபோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் ஆறு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொண்டுபோன பிறகு 2011இல் விதிமுறைகள் வந்தன. இந்த மூன்று நாடுகளிலும் சட்டம் மரணத்துக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது.

மகாராஷ்டிரக் கொள்கையின் எல்லை எங்கே என்றால், அது சுற்றுலாத் துறையின் கண்ணால் பார்க்கிறது. கருவி, பயிற்றுநர், காப்பீடு, பதிவெண் எல்லாம் அதன் கவலை. பள்ளி ஆசிரியரைப் பயிற்றுவிப்பது சுற்றுலாத் துறையின் வேலையாக முடியாது. கல்வித் துறையோ இதைப் பாடமாகப் பார்க்காமல் பிக்னிக்காகப் பார்க்கிறது. நடுவில் நிற்பது பிள்ளை.

தடை உத்தரவும் ஒரு வழி. 2024 ஜூன் 30 அன்று லோணாவளாவில் பூஷி அணைக்கு அருகே அருவிப் பெருக்கில் ஒரே குடும்பத்தின் ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். காணொளியை நாடே பார்த்தது. மாவட்ட நிர்வாகம் மழைக்கால இடங்களில் கட்டுப்பாடு விதித்தது. இருந்தும் 2025 ஜூன் 15 அன்று தளேகாவ் அருகே குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் பழைய பாலம் கூட்டத்தின் பாரம் தாங்காமல் இடிந்து நால்வர் இறந்தார்கள். வெள்ளத்தில் அருவிக்கடியே நிற்பதைத் தடைசெய்வது சரி. ஆனால் தடையை மட்டுமே அறிந்து வளர்ந்த நகரத்துப் பிள்ளை, பதினெட்டு வயதில் இருசக்கர வண்டி வாங்கிய முதல் மழைக்காலத்தில் நண்பர்களோடு அதே அருவிக்குப் போகும். நீர்மட்டம் ஏறுவதை எப்படி அறிவது என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பள்ளியில் இந்தப் பாடம் வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

யார் மலைக்குப் போகிறார்கள், யார் மலையில் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முகாம்களின் கட்டணத்தைக் கட்டுவது நகரத்துத் தனியார் பள்ளிகளின் பெற்றோர். குஞ்ஜவணேயிலும் ராஜ்மாச்சியின் உதேவாடியிலும் அவர்களுக்குச் சோறு சமைப்பவர்களும் வழிகாட்டுபவர்களும் உள்ளூர்க் குடும்பங்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஊர்ப்பள்ளிகளில் இந்தப் பாடம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மலை அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்குச் சான்றிதழும் மதிப்பெண்ணும் கிடைத்தால், வார இறுதியில் பை சுமக்கும் வேலையோடு நிற்காமல் முறையான வழிகாட்டியாக, மீட்புப் பணியாளராக, பயிற்றுநராக ஆகலாம். சாகசச் சுற்றுலாவைத் தொழிற்பாடமாக முதலில் வைக்க வேண்டிய இடம் ராஜ்கட் வட்டத்துப் பள்ளிகளும் முல்சி வட்டத்துப் பள்ளிகளும்தான். பெண்பிள்ளைகளின் நிலையும் இதோடு சேரும். இரவு தங்கல் என்றதும் வீட்டில் மறுப்பு வந்துவிடுகிறது. பெண் ஆசிரியர் கூட வருவதும், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்வதும், இரவு தங்காத ஒரு நாள் நடையைத் தேர்வதும் அந்த மறுப்பைப் பெருமளவு கரைக்கும்.

முல்சி நீர்த்தேக்கத்தில் கயாக் ஓட்டும் பிள்ளைகளுக்கு, அந்த நீருக்கடியில் ஊர்களும் நெல்வயல்களும் இருந்தன என்று சொல்லப்படுவது அரிது. டாட்டா நிறுவனத்தின் மின்திட்ட அணைக்கு எதிராக 1921இல் சேனாபதி பாபட் தலைமையில் மாவள் விவசாயிகள் நடத்திய முல்சி சத்தியாகிரகம், இந்தியாவில் அணைக்கு எதிராக நடந்த முதல் போராட்டங்களில் ஒன்று. படகோட்டும் அதே கரையில் உட்கார்ந்து அந்த வரலாற்றைப் பேசுவதற்குக் காசு செலவில்லை. பேசினால் பிள்ளை அந்த நீரை வேறு மாதிரிப் பார்க்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் குரங்கணிக் காட்டுத் தீ 23 உயிர்களைக் கொண்டது. அதன் பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு, வழிகாட்டிகளாகப் பயிற்சிபெற்ற உள்ளூர்ப் பழங்குடியினர் என்று நல்ல ஏற்பாடு. தீக்காலத்தில் தடங்களை மூடுவதும் அதில் சேரும். ஆனால் அது சுற்றுலாத் திட்டம். பள்ளிப் பாடத்தோடு அதற்குத் தொடர்பு ஏற்படுத்தினால் இரு துறைக்கும் லாபம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'இந்தியாவின் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. புனே மாவட்டத்தின் சிவ்னேரியும் லோஹகட்டும் ராஜ்கட்டும் அவற்றில் அடங்கும். பன்னிரண்டாவது செஞ்சி. 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. பின்னர் அவர் மகன் ராஜாராம் தஞ்சம் புகுந்து, முகலாயப் படையின் முற்றுகையை 1698 வரை தாங்கிய இடம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதில் இணைக்கிறது. ராஜ்கட்டில் கேட்கத்தக்க கேள்விகள் எல்லாம் செஞ்சியிலும் கேட்கத்தக்கவை. பாறை மட்டும் வேறு. அங்கே எரிமலைப் பாறை, இங்கே கருங்கல். இரண்டு கோட்டைகளின் தண்ணீர் ஏற்பாட்டை இரண்டு மாநிலத்துப் பிள்ளைகள் அளந்து ஒப்பிட்டால் அதைவிட நல்ல பத்தாம் வகுப்பு ஆய்வேடு எது?

என் தீர்ப்பு இது: உயர்நிலைப் பள்ளியில் இந்தப் பாடம் வேண்டும், இன்றைய முகாம் வடிவில் வேண்டாம். மகாராஷ்டிரக் கல்வித் துறை சுற்றுலாத் துறையோடு உட்கார்ந்து, பள்ளிக்கு இரண்டு ஆசிரியருக்காவது முதலுதவியும் மலையில் குழுவை வழிநடத்துவதும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்களைப் பயிற்றுவிக்கத் தகுதியுள்ள மலையேற்றக் கழகங்கள் புனேயிலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டில் தொடங்க விரும்பினால் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. செஞ்சியைச் சுற்றியுள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கு, வெயில் ஏறுமுன் டிசம்பரிலும் ஜனவரியிலுமாக நான்கு சனிக்கிழமைகள் போதும். தொல்லியல் துறையின் அனுமதியும், முன்கூட்டியே வழிபார்த்துவந்த ஆசிரியரும், ஆளுக்கொரு குறிப்பேடும் இருந்தால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம். பள்ளிக் கல்வித் துறை இதைக் கையில் எடுக்க வேண்டும்.